தோல் பேசும் யொருபா

நைஜீரியாவின் தென்மேற்கில் யொருபா மக்கள் வாசிக்கும் டுண்டுனைப் ‘பேசும் மேளம்’ என்பார்கள். தந்தியில் போல எழுத்துக்கு ஒரு தட்டு என்று ஏதோ சங்கேதம் இருக்கும் எனப் பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. பேசும்போது குரல் எப்படி ஏறி இறங்குகிறதோ, மேளமும் அப்படியே ஏறி இறங்குகிறது.

யொருபாவில் ஒவ்வோர் அசையும் மேல், நடு, கீழ் என்ற மூன்று தொனிகளில் ஒன்றில் வரும். ‘ஒக்கோ’வின் இரண்டு அசைகளையும் நடுத்தொனியில் சொன்னால் கணவன். இரண்டாவது அசையை ஏற்றினால் மண்வெட்டி, இறக்கினால் வண்டி.

டுண்டுனின் உடல் குடைந்த மரம். இடை சிறுத்திருக்கும். இரு முனைகளிலும் மெல்லிய ஆட்டுத்தோல். இரண்டையும் தோல்வார்கள் இழுத்துக் கட்டியிருக்கும். நம் உடுக்கையின் அமைப்பேதான். இடை சிறுத்திருப்பதால் வாருக்கும் மரத்துக்கும் நடுவே இடம் கிடைக்கிறது. மேளத்தை அக்குளில் இடுக்கிக் கையால் வார்களை அமுக்கினால், அவை உள்ளே வளைந்து தோல்களை இழுக்கும். இறுகிய தோல் வேகமாக அதிரும், சுருதி ஏறும். பிடியைத் தளர்த்தினால் இறங்கும். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், சுருதியை ஒரு ஸ்தாயி ஏற்ற இழுவிசை 4 மடங்காக வேண்டும். இதைப் பேச்சின் வேகத்தில், தட்டுக்குத் தட்டு அளவு பிசகாமல் கை செய்கிறது. பெரிய வித்தை இது! தட்டிய ஒலி அடங்குவதற்குள் அமுக்கினால் சுருதி வழுக்கிக்கொண்டு மேலே போகும். கீழ்த்தொனியை அடுத்து மேல்தொனி வரும்போது யொருபாக் குரலும் அப்படித்தான் வழுக்கும்.

சரி, உயிரும் மெய்யும் எங்கே? மேளத்தில் அவை இல்லை. தொனியும் காலமும்தான் மிஞ்சுகின்றன. மண்வெட்டிக்கான ‘ஒக்கோ’, வீட்டுக்கான ‘இலே’ இரண்டுமே நடு, மேல் என்று வருவதால் தோலில் ஒரே மாதிரி ஒலிக்கும். தனிச்சொல்லை வாசித்தால் கேட்பவர் எதை எடுத்துக்கொள்வார்? அதனால்தான் பழமொழிகளையும் ‘ஒரிக்கி’ என்னும் குலப்புகழ்த் தொடர்களையும் வாசிக்கிறார்கள். கேட்பவர்களுக்கு அவை மனப்பாடம். தொடர் நீள நீளக் குழப்பம் குறையும். மூன்று தொனிகளை வைத்து 2 அசைக்கு 9 வடிவங்கள்தான் சாத்தியம்; 10 அசைக்கு 59,049.

குழுவில் முன்னின்று பேசுவது ‘இயா இலு’ என்ற பெரிய டுண்டுன். ‘குடுகுடு’ என்ற சின்ன மேளத்தைத் தோல்பட்டைகளால் அடிப்பார்கள். அது சுருதி மாறாமல் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். கல்யாண வீட்டில் விருந்தாளி உள்ளே வரும்போதே அவருடைய குலத்தின் ஒரிக்கி மேளத்தில் எழ வேண்டும். அதற்குக் கைப்பழக்கம் மட்டும் போதாது, ஊரிலுள்ள குடும்பங்களின் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். ஆயான் எனப்படும் மேளக்காரக் குடும்பங்களில் பிள்ளைகள் இரண்டையும் சிறு வயதிலேயே சேர்த்துக் கற்கிறார்கள்.