கைதட்டிப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள்

"மகனுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் சேர்த்துப் பேச வரவில்லை. இரண்டு பள்ளிகள் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று பெரிசு, புதுக் கட்டடம். இன்னொன்று சின்னது, பழசு. எதில் சேர்க்கலாம்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

முதலில் காதைப் பரிசோதித்துவிடுங்கள். நடுக்காதில் நீர் கோத்திருந்தால்கூடப் பேச்சு மங்கலாகத்தான் கேட்கும். பேச்சுப் பயிற்சியாளரையும் பார்த்துவிடுங்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார், தானா சரியாகிடும்" என்று சொல்பவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டு நகர்ந்துவிடலாம். வீட்டில் இரண்டு மொழி பேசுவதால்தான் இப்படி என்பதும் கட்டுக்கதை. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லாமலே மொழி பின்தங்கும் குழந்தைகள் ஏறத்தாழ 7 சதவீதம். 30 பேர் கொண்ட வகுப்பில் இரண்டு பேர்.

சரி, பள்ளிக்கு வருவோம். காலி வகுப்பறைக்குள் நின்று ஒரே ஒரு முறை கைதட்டுங்கள். 'டப்' என்று சத்தம் அறுந்தால் நல்லது. 'டப்ங்ங்ங்' என்று இழுத்தால் யோசிக்க வேண்டும்.

ஏன் என்று புரிய, 'கட்டு', 'தட்டு', 'பட்டு' மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் மெய்யைத் தவிர எல்லாம் ஒன்றுதான். காற்றை அடைத்துத் திறக்கும் அந்தச் சின்ன வெடிப்பு கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். அதைத் தொடரும் அகரம் நீளமானது, பலமானது. பேச்சின் ஒலியாற்றலில் பெரும்பங்கு உயிரெழுத்தில் இருக்கிறது. அது எந்தச் சொல் என்று காட்டிக்கொடுப்பதோ பெரும்பாலும் மெய். உயிர், மெய் என்று பெயர் வைத்தவர்கள் இதை மோப்பம் பிடித்திருந்தார்களோ என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

இப்போது சுவர்கள் வேலையைக் காட்டும். வழுவழுப்பான சுவரிலும் தரையிலும் கண்ணாடியிலும் பட்ட ஒலி திரும்பத் திரும்ப மோதி மெதுவாகத்தான் அடங்கும். இதுதான் எதிர்முழக்கம். ஒலி 60 டெசிபல் குறைய எவ்வளவு நேரமாகிறது என்பது அதன் அளவு. அது ஒரு நொடி ஆகும் அறையில், பத்தில் ஒரு நொடி கழிந்தும் ஒலி 6 டெசிபல்தான் குறைந்திருக்கும். முந்தைய உயிரின் வால் அறைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்த மெய் வருகிறது. அதுவோ நோஞ்சான். அந்த வாலுக்குள் மூழ்கிப்போகிறது.

1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புது விரிவுரை அரங்கில் இதே தொல்லை. சொன்ன சொல் ஐந்தரை நொடிவரை கேட்டுக்கொண்டே இருந்தது. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளர் பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் சுமந்து வந்து அடுக்கி, ஆர்கன் என்ற இசைக்கருவியின் குழாயை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. அறை பெரிதானால் முழக்கம் நீளும், ஒலியை உறிஞ்சும் பொருள் கூடினால் சுருங்கும் என்ற சூத்திரம் இந்த ராத்திரிக் கூலிவேலையில் பிறந்ததுதான்.

அமெரிக்க வகுப்பறைத் தரநிலை, சாதாரண அளவு அறைக்கு 0.6 நொடியை வரம்பாக வைக்கிறது. நம்மைப் போன்ற பெரியவர்கள் அதைவிட மோசமான அறையிலும் சமாளித்துவிடுவோம். '-ட்டை எடு' என்று அரைகுறையாகக் கேட்டாலும் சாப்பாட்டு நேரமென்றால் தட்டு என்று மூளை நிரப்பிக்கொள்ளும். அப்படி நிரப்பக் கையிருப்பில் சொற்கள் வேண்டும். அதுதானே இந்தப் பிள்ளையிடம் குறைவு? அவன் விழிப்பான். "கவனமே இல்லை" என்று பெயர் வாங்குவான்.

ஆசிரியர் கத்திச் சொன்னாலும் பயனில்லை. கத்தும்போது உயிர் வீங்கும் அளவுக்கு மெய் வளர்வதில்லை. மேற்கூரையில் ஒலி உறிஞ்சும் அட்டை ஒட்டினால் பாதி பிரச்சினை தீரும். ஆனால் அதற்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? தொடுதிரைப் பலகைக்குத்தான் பணம் கிடைக்கும்.

கைதட்டிய பிறகு, அனுமதி கேட்டுக் கடைசி பெஞ்சில் ஒரு பாடவேளை உட்காருங்கள். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு எத்தனை நொடி காத்திருக்கிறார் என்று மனசுக்குள் எண்ணுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் எண்ணிப் பார்த்தபோது சராசரி ஒரு நொடிதான் வந்தது. அதை மூன்று நொடியாக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. சொல்லைத் தேடி எடுக்கவே நேரமாகும் பிள்ளைக்கு அந்த இரண்டு நொடி பெரிய சொத்து.

அந்த வாசகிக்கு: பழைய பள்ளியில் ஆசிரியர் காத்திருப்பவராக இருந்தால் அதுவே போதும், சேர்த்துவிடுங்கள். அறை கொஞ்சம் முழங்கினாலும் முன்வரிசை கேளுங்கள். ஆசிரியரிடமிருந்து தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம், சுவரில் படாமல் நேரே வரும் குரல் 6 டெசிபல் குறையும். முழக்கம் மட்டும் அறை முழுக்க ஏறத்தாழ அதே அளவில் நிற்கும். அதனால் ஆசிரியருக்கு ஒரு மீட்டர் தள்ளி உட்காரும் பிள்ளைக்குக் கிடைக்கும் 'த'வும் 'ப'வும் நான்கு மீட்டர் தள்ளி இருப்பவனுக்குக் கிடைக்காது.