கண்ணாடி போட்ட கதாநாயகி

குழந்தைகளின் கண்ணைப் பரிசோதிப்பது என் வேலை. பவர் இருக்கிறது என்று சொன்னதும் முதலில் வாடுவது பெரும்பாலும் பெரியவர்களின் முகம்தான். அதுவும் பெண் குழந்தை என்றால், "பொம்பளப் புள்ளையாச்சே டாக்டர், கண்ணாடி போட்டே ஆகணுமா?" என்று இழுப்பார்கள். பக்கத்தில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுக்காரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். அவள் தண்ணீர் பாட்டிலில் 'ஃப்ரோசன்' படத்து எல்சா சிரித்துக்கொண்டிருப்பாள், கண்ணாடி இல்லாமல்.

டிஸ்னி இளவரசிகள் யாருமே கண்ணாடி போட்டதில்லை. 1937-ல் வந்த ஸ்னோ ஒயிட் படத்தில் கண்ணாடிக்காரர் குள்ளர்களில் ஒருவரான டாக். பிக்ஸாரின் 'அப்' படத்தில் கார்ல் தாத்தா. பெரும்பாலும் கிழவர்களுக்கும் வேடிக்கைப் பாத்திரங்களுக்கும்தான் கண்ணாடி வாய்த்தது. 1991-ல் வந்த 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' படத்தின் நாயகி பெல், புத்தகமும் கையுமாகவே ஊரைச் சுற்றுகிறாள். அவளுக்குக்கூட ஒரு ஃப்ரேம் மாட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

2019-ல் இங்கிலாந்துச் சிறுமி ஒருத்தி, கண்ணாடி போட்ட இளவரசி வேண்டும் என்று டிஸ்னிக்குக் கடிதமே எழுதினாள். 2021-ல் டிஸ்னியின் 'என்கான்டோ' படம் வந்தது. கொலம்பியாவில் நடக்கும் கதை. கதாநாயகி மிராபெல்லுக்கு 15 வயது, வட்டமான பச்சை ஃப்ரேம். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழகியாக்கும் வேலை படத்தில் இல்லை. நம் சினிமாவில் அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! தொழில்முறையில் எனக்கு இது பெரிய உதவி. 'சோடாபுட்டி' என்ற கேலிக்குப் பதில் சொல்ல ஒருத்தியாவது கிடைத்தாளே.

ஆனாலும் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை. கதையில் அவள் குடும்பமே மந்திர வரம் பெறும் குடும்பம்; அதன் பேரப்பிள்ளைகளில் வரம் கிடைக்காமல் போனவள் மிராபெல் ஒருத்திதான். கண்ணாடி போட்ட நாயகியை அவ்வளவு காலம் கழித்துக் கொண்டுவந்து, அவளையா வரமில்லாதவளாக்க வேண்டும்? இன்னொன்று, அந்தக் கண்கள். கிட்டப்பார்வைக்கான மைனஸ் லென்ஸ் போட்டால் கண் சிறுத்துத்தான் தெரியும். மிராபெல்லின் கண்களோ கண்ணாடிக்குப் பின்னாலும் மற்ற நாயகிகளின் கண்கள் மாதிரி அகலமாகவே இருக்கின்றன. மைனஸ் ஆறு பவர் வைத்திருக்கும் ஒரு சிறுமி நிலைக்கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, "எனக்கு மட்டும் ஏன் கண்ணு குட்டியா இருக்கு?" என்று கேட்டாள். லென்ஸின் வேலை அது என்று விளக்கினேன். அவள் சமாதானமாகவில்லை.

சரி, படம் எப்படியோ போகட்டும். எனக்குப் பெரிய கவலை 'சோம்பேறிக் கண்'. இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் அதிகமாக இருந்தாலோ மாறுகண் இருந்தாலோ, மங்கலாகத் தெரியும் கண்ணை மூளை ஒதுக்கிவிடும். நல்ல கண் பார்த்துக்கொள்வதால் குழந்தை எதுவும் சொல்லாது. கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை ஒட்டு போட்டு மூடி, மங்கலான கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும். பாதிப்பைப் பொறுத்து தினமும் 2 மணி நேரமோ 6 மணி நேரமோ. ஏழெட்டு வயதுக்குள் ஆரம்பித்தால் பலன் நன்றாகக் கிடைக்கும். பிறகும் முயலலாம், ஆனால் அந்த அளவுக்குக் கிடைக்காது. "வரன் பார்க்கும்போது பேச்சு வருமே" என்று கவலைப்படும் பாட்டிகளிடம் நான் கறாராகவே சொல்வேன்: கல்யாணத்துக்கு இருபது வருஷம் இருக்கிறது, இந்தக் கண்ணுக்கு இரண்டு மூன்று வருஷம்தான். கண்ணாடியைத் தவிர்க்கும் லேசர் சிகிச்சைப் பேச்செல்லாம் 18 வயது தாண்டி, பவர் ஒரே நிலையில் நின்ற பிறகு.

கண்ணாடி போட்டால் பவர் கூடிவிடும் என்பதும் வீண் பயம். வளரும் வயதில் கிட்டப்பார்வை கூடுவது கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் நடப்பது.

ஃப்ரேமைக் குழந்தையே எடுக்கட்டும். பச்சை வட்டம் கேட்டால் அதையே வாங்கிக் கொடுங்கள். எடை குறைந்த பிளாஸ்டிக் லென்ஸ், சின்னக் குழந்தை என்றால் பின்னால் ஒரு ஸ்ட்ராப். டிவிக்கு மிக அருகில் போய் நிற்பது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது, ஒரு கண்ணைப் பொத்தினால் மட்டும் அழுவது, இவற்றில் ஒன்றைக் கவனித்தாலும் உடனே அழைத்து வாருங்கள். எதுவுமே தெரியாவிட்டாலும் பள்ளியில் சேர்ப்பதற்கு முன் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.