ஸ்பெயார் வீலைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

"அண்ணா, டயர் காத்துப் போயிட்டு. ஸ்பெயார் வீல் இருக்கு, ஆனா இறக்க ஏலாம கிடக்கு."

ஓகஸ்ட் லீவில் ஒரு ஞாயிறு பின்னேரம் நிலாவெளியில் இருந்து வந்த அழைப்பு இது. கடலில் குளிக்க வந்த குடும்பம், டொல்பின் வான், பிள்ளைகளோடு பதினொரு பேர். போய்ப் பார்த்தேன். ஸ்பெயார் வீல் வானுக்கு அடியில் பின்பக்கம் தொங்குகிறது. அதை இறக்குகிற சங்கிலி துருப்பிடித்து ஒரே கட்டியாக இறுகிப்போயிருந்தது. வான் வாங்கிய நாளில் இருந்து அதை யாரும் தொட்டதில்லையாம். கடைசியில் சங்கிலியை வெட்டித்தான் எடுத்தேன். எடுத்த டயரைத் தட்டிப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை.

திருகோணமலை அநுராதபுரச் சந்திப் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் டயர் வேலை செய்கிறேன். பஞ்சரால் மட்டும் வழியில் கிடந்தவர்கள் குறைவு. ஸ்பெயார் வீல் கைவிட்டதால் கிடந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊருக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது: உப்புக் காற்று. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று கடலோரம் ஓடுகிற வாகனத்தின் அடிப்பக்கம் சும்மா நிறுத்தி வைத்தாலே துருப்பிடிக்கும். வீல் நட், ஜாக்கின் மரை, ஸ்பெயார் வீல் சங்கிலி மூன்றும்தான் முதலில் போகும். வருடத்துக்கு இரண்டு தரமாவது சங்கிலியை முழுக்க இறக்கி, கழுவி, கிறீஸ் போட்டு ஏற்றுங்கள். ஜாக் மரைக்கும் அதே கிறீஸ். ஆனால் வீல் நட்டுக்கு மட்டும் எண்ணெயோ கிறீஸோ வேண்டாம். வழுக்கினால் அளவுக்கு மீறி இறுகி போல்ட் இழுபடும். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்துவிட்டால் போதும்.

ஓடாத டயரிலும் காற்று இறங்கும். காற்றழுத்தத்தை அளக்கிற பிஎஸ்ஐ கணக்கில் மாதத்துக்கு ஒன்று குறைந்தாலே இரண்டு வருடத்தில் பாதிக்கும் மேல் போய்விடும். மற்ற நான்குக்கும் காற்று அடிக்கும்போது ஐந்தாவதுக்கும் அடியுங்கள். சாதாரண அளவுச் சக்கரம் என்றால் நான் நாலைந்து பிஎஸ்ஐ கூட்டியே வைப்பேன். தேவைப்படும் நேரம் குறைத்துவிடலாம், வழியில் நின்று கூட்டுவதுதான் கஷ்டம்.

ஜப்பான் கார்களில் வருகிற மெல்லிய ஸ்பெயார் வீலின் கணக்கு வேறு. அதற்கு 60 பிஎஸ்ஐ வேண்டும், டயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். வேகமும் 80 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது. அது டயர் கடைவரை போய்ச் சேர்வதற்கு மட்டும். ஒருவர் அதைப் போட்டுக்கொண்டே மூன்று கிழமை மூதூருக்குப் போய்வந்தார். பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது, பார் தம்பி என்று வந்து நிற்கிறார். இழுக்காமல் என்ன செய்யும்?

சில சின்னக் கார்களில் ஸ்பெயார் வீலே கிடையாது. பஞ்சர் ஓட்டையை அடைக்கிற பசை போத்தலும் சின்னக் காற்றுப் பம்பும்தான் இருக்கும். பாவித்த கார் வாங்குகிறவர்கள் டிக்கியைத் திறந்து இதைப் பார்ப்பதே இல்லை. போத்தலுக்குக் காலாவதித் திகதி உண்டு. பக்கச்சுவர் கிழிந்தால் அந்தப் பசை உதவாது. அந்த மாதிரிக் காரோடு தூரப் பயணம் போவதென்றால் அதே அளவில் ஒரு சக்கரம் தேடி வாங்கிப் போடுவது நல்லது.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. தரையில் படுகிற பூ வரிகள் தேயாமல் புதுசு போலத் தெரியும் ஸ்பெயார் டயரும் உள்ளுக்குள் ரப்பர் காய்ந்து போகும். பத்து வருடம் தாண்டியதை நம்பி ஏறாதீர்கள்.

இனி வெயில் கதை. கச்சான் என்கிற சூட்டுக் காற்று வீசும் மாதங்களில் "சூட்டுக்கு வெடிச்சிடும், காத்தைக் குறைச்சு அடி" என்று கேட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். படித்தவர்களும்தான். உண்மை நேர்மாறானது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடிந்து மடிந்து நிமிரும். அந்த மடிப்பில்தான் சூடு ஏறும், அந்தச் சூட்டில்தான் வெடிக்கும். சூட்டில் அழுத்தம் கூடும் என்பதைக் கணக்கில் எடுத்துத்தான் கம்பனி அளவு சொல்கிறது. சாரதிக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அந்த அளவைக் காலையில் வாகனம் ஓடுவதற்கு முன் அடியுங்கள். அப்படியும் ஓடும்போது வெடித்தால் பிரேக்கை ஏறி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராக இறுக்கிப் பிடித்து, அக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் வேகம் தானாகக் குறையும்.

சக்கரம் மாற்றும்போது எல்லோரும் விடுகிற பிழை, தூக்கிய பிறகு நட்டைக் கழற்றுவது. சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்று இளக்க வேண்டும். ஹான்ட்பிரேக் போட்டு, எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகுதான் ஜாக். கடற்கரை மணலில் ஜாக் வாகனத்தைத் தூக்காது, தானே புதையும். டிக்கியில் ஒரு பலகைத்துண்டு கிடந்தால் போதும், என் வாகனத்தில் பழைய கதவுப் பலகை ஒன்று பல வருடமாகக் கிடக்கிறது. நட்டைச் சுற்றுவரிசையில் இறுக்காமல் எதிரெதிராக இறுக்குங்கள். 50 கிலோமீற்றர் ஓடிய பிறகு இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள். இதை ஒரு வாடிக்கையாளருக்குச் சொல்ல மறந்து, அவர் கிண்ணியாவில் இருந்து கடகட சத்தத்தோடு திரும்பி வந்த நாள் எனக்கு இன்னும் வெட்கம்தான்.

ஓட்டோக்காரர்களுக்கு ஒரு சொல். உங்கள் ரிம் இரண்டு பாதியைச் சேர்த்து நட்டால் பூட்டியது. டியூபில் காற்று இருக்கும்போது அந்த நட்டைத் தவறிக் கழற்றினால் ரிம் பிரிந்து முகத்துக்கு வரும். முதலில் வால்வை எடுத்துக் காற்றை முழுக்க இறக்குங்கள்.

கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் இரவில் போகிறவர்கள் கவனம். கல் ஓயாச் சந்தியின் இருபுறமும் யானை கடக்கும் பாதை. அங்கே காற்றுப் போனால் இருட்டில் இறங்கிக் குந்தியிருந்து நட்டுக் கழற்றாதீர்கள். ஹசார்ட் லைட்டைப் போட்டு, ஊர்ந்து ஊர்ந்து வெளிச்சமுள்ள கடையடிவரை போய்விடுங்கள். டயர் நிச்சயம் நாசமாகும், ரிம்மும் போகலாம். போகட்டும்.

அந்த டொல்பின் வான்காரர் அடுத்த மாதம் கடைக்கு வந்தார். புதுச் சங்கிலி போட்டோம், ஸ்பெயார் டயரையும் மாற்றினோம். காசு தந்துவிட்டு, "ஜாக்கையும் ஒருக்கா பாப்பமா?" என்றார். அன்று நிலாவெளியில் நான் பாவித்தது என்னுடைய ஜாக். சீற்றுக்கு அடியில் தேடினோம். ஜாக் இருந்தது. அதைச் சுற்றுகிற கைபிடியைத்தான் காணவில்லை.