ரிப்போர்ட் நார்மல்னு தைராய்டு மாத்திரையை நிறுத்தாதீங்க

இந்த வாரமும் ஒரு பொண்ணு. ரெண்டரை மாச கர்ப்பம், டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பு குறைஞ்சா ரத்தத்துல ஏறுற ஹார்மோன்) 38, ரொம்பவே அதிகம். மாத்திரை போடலையாம்மான்னு கேட்டா, "போன ரிப்போர்ட்ல நார்மல்னு வந்துச்சு டாக்டர், அதான் நிறுத்திட்டேன்"ங்கிறாங்க. இதையே கேட்டுக் கேட்டு ஆத்தாமையா இருக்கு, அதான் எழுதிடறேன்.

நார்மல்னு வந்ததே மாத்திரை போட்டதாலதாங்க! அயோடின் போதுமான அளவு கிடைக்கிற இடங்கள்ல ஹைப்போதைராய்டுக்கு, அதாவது தைராய்டு குறைவா சுரக்கறதுக்கு, முக்கியக் காரணம் ஹஷிமோட்டோ, அதாவது நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைக் கொஞ்சம் கொஞ்சமா அழிச்சிடும். அந்தச் சுரப்பி சுரக்க வேண்டியதைத்தான் நீங்க மாத்திரையா முழுங்குறீங்க. கண்ணாடி போட்டா எழுத்து நல்லா தெரியுது, அதுக்காக பார்வை சரியாயிடுச்சுன்னு கழட்டி வெச்சுடுவோமா? இதுல வில்லங்கம் என்னன்னா நிறுத்தின உடனே ஒண்ணும் தெரியாது, ஒரு வாரம் ஆனாலும் பாதி மருந்து ரத்தத்துல மிச்சம் இருக்கும், "நிறுத்தியும் நல்லாத்தானே இருக்கேன்"னு தோணும், அப்புறம் அசதி, மலச்சிக்கல், முடி கொட்டுறது, பீரியட்ஸ் கோளாறுன்னு ஒவ்வொண்ணா வரும், அதையும் வேலை அலுப்புன்னு தள்ளி விட்டுடுவாங்க.

"எனக்கு மட்டும் ஏன் டாக்டர்"னு அழறவங்களும் உண்டு. உங்களுக்கு மட்டும் இல்லம்மா. எட்டுப் பெண்கள்ல ஒருத்தருக்கு வாழ்நாள்ல ஏதாவது ஒரு தைராய்டு பிரச்சனை வரும்னு அமெரிக்கன் தைராய்டு அசோசியேஷன் சொல்லுது, ஆண்களை விட 5 முதல் 8 மடங்கு அதிகம். குடும்பத்துல இருந்தா வாய்ப்பு கூடும். லித்தியம் (மனநலத்துக்குக் குடுக்கறது), அமியோடரோன் (இதயத் துடிப்புக்குக் குடுக்கறது) மாதிரி மருந்தாலயும் வரும். அயோடின் குறைஞ்சாலும் வரும், கூடினாலும் வரும், அதனால நீங்களா அயோடின் சொட்டு வாங்கிக் குடிக்காதீங்க. பிரசவம் ஆன ஒரு வருஷத்துக்குள்ள வர்றது மட்டும் சிலருக்குத் தானாவே சரியாகும், அவங்களுக்கு நாங்களே டோஸைக் குறைச்சு, டெஸ்ட் எடுத்துப் பார்த்துதான் நிறுத்துவோம்.

மாத்திரையை வெறும் வயித்துல தண்ணியோட போடுங்க. அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் வேற எதுவும் வேண்டாம், காபி கூடக் கூடாது. இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்க. முடிக்காக பயோட்டின்ங்கிற வைட்டமின் சாப்பிட்டா டெஸ்ட்டுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, அது ரிசல்ட்டையே மாத்திக் காட்டும். டோஸ் மாத்தினா 6-8 வாரம் கழிச்சு ரத்தம் குடுங்க, பத்தே நாள்ல போய் எடுத்துட்டு வந்து பயப்படாதீங்க.

கர்ப்பமா இருக்கறவங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். முதல் மூணு மாசம் குழந்தையோட மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராக்சின்ங்கிற தைராய்டு ஹார்மோன் அம்மாகிட்ட இருந்துதான் போகணும், பல பேருக்கு டோஸைக் கூட்ட வேண்டி வரும். கர்ப்ப டெஸ்ட் பாசிட்டிவ்னு தெரிஞ்ச அன்னைக்கே உங்க டாக்டருக்குப் போன் பண்ணிடுங்க, அப்பாயின்ட்மெண்ட் வரட்டும்னு இருக்காதீங்க.