தோளை உதைக்காத தோட்டா

சென்னையில் துப்பாக்கி சுடப் பழகும் பிள்ளைகள் ஏர் ரைபிளில் தொடங்குவதுதான் வழக்கம். அதில் உதை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அங்கிருந்து ஷாட்கன்னுக்கு வந்து, பறக்கும் களிமண் தட்டை முதன்முறை சுடும்போதுதான் தோள்பட்டைக்கு விஷயம் புரியும். டிராப் போட்டியின் தகுதிச் சுற்றில் 125 தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை சுடலாம். புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டது இந்தப் போட்டியில்தான். அத்தனை உதையும் ஒரே தோளில் விழுகிறது. நூறு தட்டுகள் தாண்டினால் விசையை இழுக்கும் முன்பே கண் தானாக மூடும், தோள் சுருங்கும். மனத்திடத்தால் மட்டும் வெல்லக்கூடியதல்ல இது. உதையைக் குறைத்தாக வேண்டும்.

காசிமேட்டில் படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு பின்னே நகர்கிறதே, அதே நியூட்டன் விதிதான் இங்கும். குழலைவிட்டு முன்னே போவதன் உந்தம் (எடையை வேகத்தால் பெருக்கியது) எவ்வளவோ, அவ்வளவு உந்தம் துப்பாக்கிக்குப் பின்னோக்கிக் கிடைக்கும். 24 கிராம் ஈய ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உருண்டைகள், வினாடிக்கு 400 மீட்டரில் போகிறது என்று வைப்போம். ரவையை ஏந்திச் செல்லும் பிளாஸ்டிக் வாட் இரண்டரை கிராம். வெடிமருந்து எரிந்த வாயு ஒன்றரை கிராமுக்கும் குறைவுதான், ஆனால் ரவையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகத்தில் பாய்வதால் அதையும் சேர்க்க வேண்டும். 3.6 கிலோ துப்பாக்கி வினாடிக்குச் சுமார் 3.2 மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். ஆற்றல் 18 ஜூல். ரவையை 32 கிராம் ஆக்கினால் அதே துப்பாக்கியில் 30 ஜூல். ரவை மூன்றில் ஒரு பங்கு கூடியதற்கு, உதையின் ஆற்றல் மூன்றில் இரண்டு பங்கு கூடிவிட்டது. உந்தத்தின் இருமடிக்கு ஏற்ப ஆற்றல் ஏறுவதே காரணம். இதையே திருப்பிப் போட்டால் நமக்குச் சாதகம்: 21 கிராம் ரவை, 365 மீட்டர் வேகம் என்று இறக்கினால் 12 ஜூலுக்குள் வந்துவிடும்.

அப்படியானால் மருந்தைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் போதாதா? போதாது, அது ஆபத்தும்கூட. புகையில்லா வெடிமருந்து எரியும் வேகம் ஒரே சீராக இருப்பதில்லை. சுற்றியுள்ள அழுத்தம் ஏற ஏற அது வேகமாக எரியும். 1884-இல் புகையில்லா மருந்தை உருவாக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியே கண்ட உறவு இது. ரவையின் எடைதான் வாயுவுக்கு முட்டுக்கட்டை. அந்த முட்டு இருந்தால்தான் அழுத்தம் ஏறும். எடை குறைந்த ரவை சட்டென்று வழிவிட்டு நகர்ந்துவிடும். மெதுவாக எரியும் மருந்து அங்கே சூடுபிடிக்கும் முன்பே அணையும், குழலெங்கும் எரியாத துகள் சிதறும், தட்டை நோக்கிப் போகும் ரவைக்கு வேகம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக இருக்கும். இன்னும் மோசமானது, வாட் குழலுக்குள்ளேயே சிக்குவது. அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். அதனால்தான் 'டப்' என்று மந்தமாக ஒரு சத்தம் கேட்டால் உடனே நிறுத்தி, துப்பாக்கியைத் திறந்து, தோட்டாவை எடுத்துவிட்டு, குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். இந்த ஒரு பழக்கத்தை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்.

ஆக, மென்மையான தோட்டாவுக்கு வேகமாக எரியும் மருந்துதான் வேண்டும். முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும் இந்த உண்மைதான் இந்த விஷயத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது. ரவை குறைந்ததால் தோட்டாவுக்குள் ஏற்படும் காலி இடத்தை உயரமான வாட் நிரப்ப வேண்டும். தோட்டாவின் வாயை இறுக்கமாக மடித்து மூடினால்தான் தொடக்க அழுத்தம் சீராகக் கிடைக்கும். பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் பகுதி), மருந்து, வாட், ரவை நான்கும் ஒன்றையொன்று சார்ந்தவை. வெளிநாடுகளில் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்பவர்கள், ஆய்வகத்தில் அழுத்தம் அளந்து வெளியிட்ட அட்டவணையை விட்டு இம்மியும் விலகாததற்குக் காரணம் இதுவே.

மெதுவாக எரியும் மருந்து தோளை மெல்லத்தான் தள்ளும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ரவை குழலுக்குள் இருப்பதே மூன்று மில்லிவினாடி அளவுதான். அதற்குள் துப்பாக்கி பின்வாங்குவது ஐந்தாறு மில்லிமீட்டர். மிச்சத் தள்ளல் முழுக்க அதற்குப் பிறகே தோளில் இறங்குகிறது. அவ்வளவு நுண்ணிய கால வித்தியாசம் உடலுக்குத் தெரியும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உடலுக்கு ஏற்ற அளவில் துப்பாக்கிக் கட்டையும் (தோளில் முட்டும் பகுதி) நல்ல ரப்பர் பேடும்தான் அங்கே உதவும்.

விலை ஒன்று கொடுத்தே ஆக வேண்டும். 2.4 மில்லிமீட்டர் ஈய ரவையில் 24 கிராமுக்குச் சுமார் 300 உருண்டைகள். 21 கிராமில் 260 அளவு. 11 செ.மீ. தட்டுக்கு அந்த நாற்பது உருண்டைகள் தூரம் கூடக் கூடப் பெரிய குறைதான், சோக்கை (குழல் முனையில் உள்ள குறுக்கத்தை) இறுக்கி ஓரளவு சமாளிக்கலாம். வேகக் குறைவு அவ்வளவு உறுத்தாது. ஒலியைவிட வேகமாகப் போகும் உருண்டையைக் காற்று கடுமையாகத் தடுக்கும். தட்டை எட்டுவதற்குள் வேகமான ரவைக்கும் மெதுவான ரவைக்கும் உள்ள இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும். அதோடு 35 டிகிரி சென்னைக் காற்று, 15 டிகிரிக் காற்றைவிட ஆறு சதவீதம் அளவுக்கு அடர்த்தி குறைந்தது. கடலோர ஈரப்பதம் அதை இன்னும் சற்று இலேசாக்கும்.

ஆனால் அதே வெயில் மருந்தையும் வேகமாக எரிய வைக்கும். மே மாதத்தில் கார் டிக்கியில் கிடந்த பெட்டியிலுள்ள தோட்டா, குறிப்பிட்டதைவிட அதிக அழுத்தம் தரலாம். நிழலில் வைத்திருப்பதே நல்லது. நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது. எனவே இங்கே இந்த அறிவு பயன்படுவது வாங்கும்போதுதான்: பெட்டியில் அச்சிட்டிருக்கும் ரவை எடையையும் வேகத்தையும் பெருக்கிப் பாருங்கள், விடை சிறிதானால் உதையும் குறைவு. சர்வதேச டிராப், ஸ்கீட் போட்டிகளுக்கு 24 கிராம்தான் வரம்பு, பயிற்சிக்கு அதற்கும் கீழே தாராளமாக இறங்கலாம்.