ராத்திரியில் உறுமிய பெட்டி

பள்ளத்தூரில் பலகாரக் கடை வைத்திருக்கும் ஆச்சி ஒருவர் போன் செய்தார். "தம்பி, ராத்திரி யாரும் தொடலை, பெட்டி தானா உறுமுது. காலையில கை வச்சா சுடுது." தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை என்று சிங்கப்பூர் வரை பார்சல் போகிற கடை. பில் போட இருப்பது ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர்.

காரைக்குடியில் என் கடையில் இருந்தபடியே, தூரத்துக் கம்ப்யூட்டரை இயக்க உதவும் ரிமோட் மென்பொருள் வழியாக உள்ளே போனேன். எந்த மென்பொருள் எவ்வளவு வேலை வாங்குகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் சிபியு, அதாவது பிராசசர், 35 சதவீதம் காட்டியது. ஆச்சியின் கண்ணில் பட்டது வேறு. 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' என்ற வரிக்கு நேரே 65. "இதுதானே தம்பி எல்லாத்தையும் தின்னுது?" இந்தக் கேள்வி எனக்கு மாதம் இரண்டு முறையாவது வரும். அது எதையும் தின்பதில்லை. பிராசசர் சும்மா இருக்கும் நேரத்தின் கணக்கு. அந்த எண் கூடக் கூட நல்லது.

நான் ஏமாந்தது அந்த 35இல். ரிமோட் மென்பொருள் அந்தப் பக்கத்துத் திரையை ஓயாமல் படமெடுத்து, மாறிய பகுதியை மட்டும் சுருக்கி நமக்கு அனுப்புகிறது. புது மெஷினில் சுருக்குகிற வேலையைப் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் சிப் பார்த்துக்கொள்ளும். பழையதில் எல்லாம் பிராசசர் தலையில் விழும். டாஸ்க் மேனேஜரின் ஆடுகிற கோடே அதற்கு வேலை வைத்துவிடும். நேரில் போய் உட்கார்ந்து பார்த்தேன், 4 சதவீதம். அவ்வளவுதான். நான் எட்டிப் பார்த்ததுதான் பாரம்.

சரி, அப்படியென்றால் ராத்திரி உறுமுவது எது? சும்மா இருக்கும் நேரம் பார்த்து விண்டோஸ் தானே வைரஸ் ஸ்கேன், கோப்புகளைத் தேடப் பட்டியலிடும் இன்டெக்சிங் எல்லாம் செய்யும். ஆனால் மவுஸை அசைத்தால் அது அடங்கிவிடும், தினமும் விடிய விடிய ஓடாது. நமக்குத் தெரியாமல் நம் பிராசசரில் கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கும் திருட்டு மென்பொருள், கிரிப்டோ மைனர், இருக்குமோ என்றும் சந்தேகம். அதில் சில, டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் பதுங்கிவிடும். அதனால் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் பதிவு ஓடவிட்டு வந்துவிட்டேன்.

காலையில் பதிவைப் பார்த்தால் 9.30 மணிக்கு ஏறிய கோடு 6 மணி வரை இறங்கவே இல்லை. ஓடியது அதே ரிமோட் மென்பொருள்தான். சிங்கப்பூரில் இருக்கும் மகன், அங்கே நடுநிசியில், கடையைப் பார்க்க உள்ளே வந்திருக்கிறார். இணைப்பைத் துண்டிக்காமல் தூங்கிவிட்டார். தினமும் இதே கதை. ஆச்சியோ கடை அடைக்கும்போது நான்கு கேமராவையும் முழுத்திரையில் வைத்துவிட்டுப் போவார். இருட்டில் கேமராப் படம் புள்ளி புள்ளியாக மினுமினுக்கும் அல்லவா, ஆள் நடமாட்டமே இல்லாவிட்டாலும் திரை மாறிக்கொண்டே இருக்கும். அத்தனையையும் சுருக்கிச் சுருக்கிச் சிங்கப்பூருக்கு அனுப்பியிருக்கிறது பாவப்பட்ட பெட்டி. மகன் போனில் கேமராச் செயலியைப் போட்டுக் கொடுத்து, ரிமோட்டில் சும்மா கிடந்தால் தானே துண்டிக்கும்படி அமைத்தேன். அன்றிரவே ஃபேன் அடங்கியது.

எல்லாம் இப்படிச் சாதுவாக முடியாது. கானாடுகாத்தான் பக்கம் ஒரு விடுதியில் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலை, ரவுட்டரில் ஊருக்கே திறந்து வைத்திருந்தார்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான இவென்ட் வியூவரில் 4625, அதாவது தோற்றுப்போன லாகின், பக்கம் பக்கமாக. எவனோ பாஸ்வேர்டை ஊகித்துத் தட்டிக்கொண்டே இருக்க, ஒவ்வொரு தட்டலுக்கும் பிராசசர் எழுந்து பதில் சொன்னது. போர்ட்டை அடைத்ததும் ஓய்ந்தது.

எனிடெஸ்க் மாதிரி ரிமோட் செயலியை இறக்கச் சொல்லி, அதில் வரும் 9 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கிப் பணம் எடுக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள்.

ஆச்சியின் கம்ப்யூட்டரில் இன்னொன்றும் இருந்தது. கணக்கு மென்பொருள் போட வந்தவர் விட்டுப்போன இரண்டாவது ரிமோட் மென்பொருள், பெட்டியைப் போட்டதும் தானே எழுந்துகொள்ளும். உள்ளே வந்தவர்கள் பதிவைத் திறந்தேன். கடைசி வரி இரண்டு வருடம் முந்தியது; அவரே வந்துபோனது. அதன் பாஸ்வேர்டு, கடையின் பெயரும் பக்கத்தில் 123ம்.