எண்ணூர் முகத்துவாரமும் பல நாட்டு ஆராய்ச்சிப் பணமும்

வடசென்னையில் கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தில் வலை போடுகிறவர்களிடம் பெரிய தொல்லை எது என்று கேட்டால், அனல் மின் நிலையச் சாம்பலையும் சுடுதண்ணியையும் சொன்ன கையோடு காக்கா ஆழியையும் சொல்வார்கள். விரல் நீளம்கூட வராத, கறுப்பும் பழுப்புமான சிப்பி அது. மெல்லிய, உறுதியான இழைகளைச் சுரந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஆற்றின் அடித்தரை முழுக்கக் கெட்டியான படலமாகப் பரவிவிடுகிறது. அதன் இடுக்குகளில் வண்டல் சேர்ந்து தரை மேடிடுகிறது. அடியில் சேற்றுக்குள் வாழும் மஞ்சள் மட்டிக்கு மூச்சு முட்டுகிறது. எறா பதுங்கச் சேறு கிடைப்பதில்லை. வாயில் பறியைக் கவ்விக்கொண்டு, தண்ணீரில் குனிந்து, சேற்றை விரலால் துழாவி எறா பிடிக்கும் இருளர் பெண்களுக்குக் கை போன இடமெல்லாம் ஓட்டின் கூரான விளிம்புதான் தட்டுப்படுகிறது.

இது நம் கடலில் பிறந்த சிப்பி கிடையாது. மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா என்பது இதன் அறிவியல் பெயர். சொந்தக் கரை மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவும். 2010களில் பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து என்று ஒவ்வொரு இடமாகத் தலைகாட்டியது. 2019இல் கொச்சிக் காயலில் இருப்பது பதிவானது. இவ்வளவு தூரம் வந்தது பெரும்பாலும் கப்பலில்தான். சரக்கு இல்லாமல் போகும் கப்பல் நிலைதடுமாறாமல் இருக்க, அடியில் உள்ள தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். அடுத்த துறைமுகத்தில் சரக்கை ஏற்றும்போது அந்த நீரைக் கொட்டிவிடும். கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சுகள் அதோடு சேர்ந்து இறங்கிவிடும். கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு.

எண்ணூரில் இது ஏன் இவ்வளவு செழித்தது என்பதற்கு ஒரு துப்பு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிடைக்கிறது. அங்கே ஜாக்சன்வில் நகரில் ஒரு மின் நிலையம் கடல்நீர் உறிஞ்சும் குழாய்ப் பகுதியில் 1986இல் இதே சிப்பியைக் கண்டார்கள். அடுத்து வந்த குளிரில் அது செத்துப்போனதாகக் கருதப்படுகிறது. 2004இல் அதே மாநிலத்தின் வேறொரு காயலில் மறுபடி முளைத்தது. அதற்கப்புறம் அங்கே நடந்த சோதனைகளில் ஒரு விஷயம் தெளிவானது. நீரின் உப்பு மெதுவாக மாறினால், லிட்டருக்கு 2 கிராம் முதல் 40 கிராம் வரை இந்தச் சிப்பி தாங்கும். கடல்நீரில் இருப்பது சுமார் 35 கிராம். அதாவது ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு நன்னீராகிக்கொண்டே வந்தாலும், கோடையில் கழி உப்பேறினாலும் இது பிழைத்துக்கொள்ளும். இதைக் கொல்லும் குளிர் சென்னையில் எந்த மார்கழியிலும் வரப்போவதில்லை. அமெரிக்காவில் கண்டறிந்த ஒரு எண் எண்ணூர்க் காட்டுக்குப்பத்து மீனவரின் வயிற்றுப்பாட்டோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. கடல் மாசு ஆராய்ச்சிக்குப் பல நாடுகள் ஏன் சேர்ந்து செலவு செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த எண்ணைத்தான்.

இந்தச் சிப்பியை அடையாளம் காண்பதிலும் இதே கதைதான். ஓட்டின் நிறமும் வரியும் சிப்பிக்குச் சிப்பி மாறுவதால் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. சதையில் சில மில்லிமீட்டர் துண்டு வெட்டி எத்தனாலில் போட்டு, அதன் டி.என்.ஏ.வில் சிஓஐ என்ற மரபணுவின் சுமார் 650 எழுத்துகளைப் படிப்பார்கள். அந்த வரிசையை அமெரிக்க அரசு நடத்தும் ஜென்பேங்க், கனடாவில் தொடங்கிய போல்ட் ஆகிய பொதுத் தரவுத்தளங்களில் உள்ளவற்றோடு ஒப்பிடுவார்கள். தென் அமெரிக்க ஆய்வாளர் எவராவது முன்பே தன் ஊர்ச் சிப்பியின் வரிசையை அங்கே போட்டு வைத்திருந்தால்தான் இங்கே விடை கிடைக்கும்.

சரி, பணம் எப்படி வருகிறது? வெளிநாட்டு ஆராய்ச்சிப் பணம் என்றாலே ஏதோ ஒரு நாடு இங்கே கொண்டுவந்து கொட்டுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பல கூட்டு ஆராய்ச்சிகளில் எல்லை தாண்டிப் பணம் போவதே இல்லை. பல நாட்டு நிதி அமைப்புகள் கூடிப் பேசி ஒரு பொதுத் தலைப்பில் அழைப்பு விடும். பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரே விண்ணப்பம் எழுதுவார்கள், பொதுவான ஒரு குழு மதிப்பெண் போடும். தேர்வானதும் ஒவ்வொரு நாடும் தன் ஆய்வாளருக்கு மட்டும் தன் பணத்தைத் தரும். நாலு வீட்டார் ஒரே வேனில் கோயிலுக்குக் கிளம்புகிறார்கள், சாப்பாட்டுச் செலவு மட்டும் அவரவர் வீட்டுக் கணக்கு என்பது போல. இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. முதல் இடம் பிடித்த விண்ணப்பத்தில் இருக்கும் மூன்று நாடுகளில் ஒன்றுக்கு ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால் அந்தத் திட்டம் முழுக்க ஆட்டம் காணும். தரத்தில் பின்தங்கிய, ஆனால் எல்லா நாட்டிலும் பணம் மிச்சமிருக்கிற திட்டம் மேலேறிவிடும்.

2009இல் உருவான பெல்மான்ட் மன்றம் இந்த முறையில்தான் இயங்குகிறது. நம் புவி அறிவியல் அமைச்சகமும் அதில் உறுப்பு. குறைந்தது மூன்று நாடுகள் சேர வேண்டும், இயற்கை அறிவியலோடு சமூக அறிவியலும் இருக்க வேண்டும், ஆய்வின் பலனைப் பயன்படுத்தப்போகிறவர்களும் கூட இருக்க வேண்டும் என்பது அதன் விதி. இந்தக் கடைசி நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது. எண்ணூரில் அதன் பொருள் மீனவர் பஞ்சாயத்துதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரிய ஆராய்ச்சித் திட்டங்களிலும் 2014க்குப் பிறகு இந்திய ஆய்வகங்களுக்கு நேரடியாகப் பணம் வருவது விதிவிலக்காகத்தான். இந்தியா தன் பங்கைத் தானே போட வேண்டும். அப்படி இரு தரப்பும் பணம் போட்டு 2025 மே மாதம் இரண்டு தலைப்புகளில் அழைப்பு வந்தது. ஒன்று கடல் மாசு, இன்னொன்று கழிவிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பது. இரண்டுக்கும் சேர்த்து 41 மில்லியன் யூரோ, சுமார் 394 கோடி ரூபாய். கடல் மாசுப் பகுதியில் நுண்நெகிழி என்கிற பொடிப்பொடியான பிளாஸ்டிக் துகள், கன உலோகம், நாள்பட அழியாத வேதிப்பொருள்கள் எல்லாம் சேர்ந்து கடல்வாழ் உயிர்களை என்ன செய்கின்றன என்பதுதான் கேள்வி.

அந்தச் 'சேர்ந்து' என்ற பகுதிக்கு எண்ணூரை விடப் பொருத்தமான இடம் தேடினாலும் கிடைக்காது. அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து கழியில் சாம்பல் படிகிறது. அதில் ஆர்செனிக், ஈயம், பாதரசம் எல்லாம் உண்டு. குளிர்விக்கப் பயன்பட்ட நீர் சூடாகத் திரும்பி வருகிறது. சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவாகக் கரையும், அதே சூட்டில் மீனின் உடல் அதிக ஆக்ஸிஜன் கேட்கும். செவுளில் சாம்பல் துகள் படிந்த மீனுக்கு அப்போது என்ன ஆகும்? உலோகத்தை மட்டும் தொட்டியில் கலந்து பார்க்கும் சோதனையோ சூட்டை மட்டும் ஏற்றிப் பார்க்கும் சோதனையோ இதற்குப் பதில் தராது. இதற்கு மேல் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழியெங்கும் படர்ந்தது. வலையும் படகும் வீணாயின, கூழைக்கடாக்களின் இறகு கறுத்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஊர் மூச்சுத் திணறி எழுந்து ஓடியது.

இப்படி நாலைந்து தாக்குதல்கள் ஒரே இடத்தில் விழும்போது எது எவ்வளவு கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல, விபத்துக்கு முந்தைய நிலை தெரிய வேண்டும். இங்கேதான் பணத்தின் வடிவம் இடறுகிறது. கூட்டு ஆராய்ச்சித் திட்டங்கள் பெரும்பாலும் மூன்று, நான்கு ஆண்டுகளுக்குத்தான். அழைப்பு, முன்விண்ணப்பம், முழு விண்ணப்பம், மதிப்பீடு, ஒப்பந்தம் என்று அதற்கு முன்பே வெகு காலம் ஓடிவிடும். திட்டம் முடிந்தால் ஆய்வு மாணவர்கள் கலைந்துவிடுவார்கள், மாதிரி எடுப்பது நின்றுவிடும்.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. சிப்பிகள் நீரை வடிகட்டித் தின்பதால் உலோகமும் வேதிப்பொருளும் அவற்றின் உடலில் சேர்ந்துகொண்டே போகும். அதனால் சிப்பியை எடுத்துச் சோதித்தால் அந்தக் கரை நீரின் நிலை தெரிந்துவிடும் என்று எட்வர்ட் கோல்ட்பர்க் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1975இல் உலகு தழுவிய ஒரு கண்காணிப்பை முன்மொழிந்தார். அமெரிக்காவில் அது 1986இல் நாடு தழுவிய திட்டமாகிப் பல பத்தாண்டுகள் நடந்திருக்கிறது. எண்ணூரில் அள்ளி எறிய வேண்டிய காக்கா ஆழியையே இதற்கு எடுத்துக்கொள்ளலாம். முகத்துவாரத்திலிருந்து அத்திப்பட்டு வரை எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும்.

உண்மையிலேயே ஒரே உண்டியலில் பல நாடுகள் பணம் போடும் முறையும் உண்டு. உலகச் சுற்றுச்சூழல் வசதி நிதியம் அப்படிப்பட்டது. கப்பல் அடித்தொட்டி நீரைப் பற்றி 2000இல் அந்தப் பணத்தில் தொடங்கிய திட்டம் உலகில் 6 துறைமுகங்களை எடுத்துக்கொண்டது; மும்பை அதில் ஒன்று. துறைமுகத்தில் ஏற்கெனவே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று கணக்கெடுப்பதும் அதன் வேலைகளில் அடங்கும். இப்படி அறிவும் அனுபவமும் சேரச் சேர, 2004இல் கையெழுத்தான பன்னாட்டு ஒப்பந்தம் 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. வெளியேற்றும் நீரில் 50 மைக்ரான் அல்லது அதற்கு மேற்பட்ட அளவுள்ள உயிர்கள் ஒரு கன மீட்டருக்கு 10க்குக் கீழேதான் இருக்கலாம் என்கிறது அது. எண்ணூருக்கு இது தாமதமான நல்ல செய்தி. இனி வரப்போகிற உயிர்களையாவது தடுக்க உதவலாம்.

பணம் என்று எங்கும் எழுதப்படாத பணமும் இருக்கிறது. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கெட்டியான கறுப்பு எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளினார்கள். எண்ணெய் எந்தப் பக்கம் நகரும் என்று ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் கணித்தபோது பயன்பட்ட க்னோம் என்ற மென்பொருள் அமெரிக்க அரசின் கடல் ஆய்வு அமைப்பு எழுதி இலவசமாக விட்டது. ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் படங்களும் யாருக்கும் இலவசம். எண்ணெய் படர்ந்த நீரில் சிற்றலை அடங்கிவிடுவதால் ரேடாரில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். மேகமோ இரவோ அதைத் தடுக்காது. காற்று, நீரோட்டம் பற்றிய உள்ளூர்த் தரவு மட்டும் நாம் கொடுக்க வேண்டியது. வன்னி வெள்ளம் என்கிற நீரோட்டம் வடக்கிலிருந்து எப்போது இழுக்கும், தெண்டி வெள்ளம் என்கிற நீரோட்டம் தெற்கிலிருந்து எப்போது திரும்பும் என்று கட்டுமரத்துக்காரர்கள் தலைமுறையாகச் சொல்லி வருவதும் இந்தத் தரவில் சேர வேண்டியதே.

கூட்டு ஆராய்ச்சிக்குச் சட்ட வேலியும் உண்டு. பிற நாட்டுக் கப்பல் நம் கடற்பரப்பில் ஆய்வு செய்ய, ஐ.நா. கடல் சட்டப்படி 6 மாதம் முன்பே விவரம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். வெளிநாட்டு ஆய்வாளர் இங்கிருந்து ஒரு சிப்பியை ஆராய்ச்சிக்கு எடுத்துப்போகவும் 2002 பல்லுயிர்ச் சட்டப்படி அனுமதி வேண்டும். அதைத் தருகிற தேசிய ஆணையம் நம் தரமணியில்தான் இருக்கிறது. அரசு ஒப்புக்கொண்ட கூட்டுத் திட்டங்களுக்கு இதில் விலக்கு இருப்பதால்தான் அரசு வழியான நிதி அழைப்புகளுக்கு இத்தனை மதிப்பு. நம் உயிர்வளம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடக் கூடாது என்பதால் இந்த வேலி வேண்டும் என்றே நினைக்கிறேன். 2020இல் திருத்திய வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைப் பற்றி அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. வெளிநாட்டு நிதி பெறும் ஒரு தொண்டு நிறுவனம் அதில் ஒரு பகுதியை இன்னொரு நிறுவனத்துக்குத் தர அந்தத் திருத்தத்துக்குப் பின் வழியில்லை. குப்பத்தில் இயங்கும் சின்ன அமைப்புக்குப் பணம் போய்ச்சேரும் பாதை அதோடு அடைபட்டது.

உள்ளூரில் ஆள் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதை 2021இல் இலங்கை காட்டியது. கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்தன. எரிந்தும் எரியாமலும் கரை சேர்ந்த மணிகளை இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸும் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் ஆய்வகத்தாரும் சேர்ந்து ஆராய்ந்து அதே ஆண்டிலேயே வெளியிட்டார்கள். கரையிலேயே ஆள் இருந்ததால் மாதிரி கைக்கு வந்தது.

எண்ணூருக்கு அப்படி ஒரு ஏற்பாடு செய்யப் பெரிய தொகை தேவையில்லை. மாதம் ஒருமுறை ஒரு ஃபைபர் படகு, டீசல், கழியை நன்கு அறிந்த இரண்டு மீனவர்களுக்குக் கூலி, ஐஸ் பெட்டி, மாதிரியை அன்றைக்கே பள்ளிக்கரணையில் உள்ள அரசுக் கடல் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக ஒரு வண்டி. எடுக்கும் முறையைக் கூட்டாளி நாடுகளோடு முன்பே பேசி ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும். நுண்நெகிழி எடுக்கும் வலையின் கண்ணளவு மாறினாலே எண்ணிக்கை மாறி, இரு நாட்டு முடிவுகளை ஒப்பிட முடியாமல் போகும். அடுத்த கூட்டு அழைப்புக்கு எண்ணூரை வைத்து எழுதுகிறவர்கள் இந்தச் செலவையும், திட்டம் முடிந்த பிறகு அதை யார் ஏற்பார்கள் என்பதையும், முதல் விண்ணப்பத்தின் வரவுசெலவுத் தாளிலேயே மீனவர் கூலி உட்படத் தனி வரியாகப் போட்டுவிட வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு புதிதாக ஒரு வரி சேர்க்க எல்லா நாட்டு அலுவலகங்களும் மறுபடி சம்மதிக்க வேண்டியிருக்கும்.